மழைக்காலத்தில் நிற்கும் ரத்தம்

மூன்று வருடமாக என் கணவருக்கு மலம் தார்போலக் கறுத்துப் போகிறது. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கீழ் வழியாகவும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள்.

எல்லாச் சோதனையும் மழைக்காலத்தில்தான். என் கணவர் மாலிங்க நாயக் யட்சகானக் கூத்து ஆட்டக்காரர். நவம்பரில் மேளம், அதாவது கூத்துக்குழு, கிளம்பினால் மே கடைசி வரை ஊர் ஊராக ஆட்டம். ஜூனில் எங்கள் பக்கம் மழை பிடித்தால்தான் ஓய்வு.

"ஆட்டத்தை விட்டுட்டு வயித்தைக் காட்டவா? ஜூன்ல பாக்கலாம்" என்பார்.

இந்த ஜனவரியில் மேடையிலேயே மயங்கி விழுந்தார். ஹீமோகுளோபின் ஐந்தரை. உடுப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ரத்தம் ஏற்றியபின் டாக்டர் பிரமீளா ஹெக்டே ஒரு கேப்ஸ்யூலை விழுங்கச் சொன்னார். அதற்குள் கேமரா. குழாய்கள் எட்டாத சிறுகுடலை அது படம் பிடித்துக்கொண்டே போகும். இடுப்பில் பதிவுப்பெட்டியோடு ஒரு பெல்ட்.

என் கணவர் பெல்ட்டைத் தடவினார். "மேல இடுப்புப்பட்டை கட்டினா தெரியாது. இன்னிக்கு எனக்கு அபிமன்யு வேஷம். போயிட்டு வந்துடறேன்."

"அபிமன்யு சாகத்தான் போறான். கூட நீங்களுமா?"

மறுநாள் டாக்டர் படங்களைக் காட்டினார். சிறுகுடலில் ஒன்பது புண்கள். இரண்டில் ரத்தம் கசிந்தது.

"வலி மாத்திரை அதிகமானா இப்படி வரும். என்ன போடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"முட்டிவலிக்கு?"

"மாத்திரையைத் தொட்டதே இல்ல டாக்டர். கணபதி மேல சத்தியம்."

"அப்ப காசநோயா இருக்கலாம். கட்டியா இருக்கலாம். வயித்தைத் திறக்க வேண்டி வரலாம்."

அவர் முகம் வெளுத்தது. வயிற்றில் கத்தி பட்டால் ஆட்டம் முடிந்தது.

மத்தியானம் பூவப்பா வந்தான். மேளத்தில் கோமாளி வேஷம் கட்டுபவன். மடித்த வெற்றிலையை அவரிடம் நீட்டினான்.

"என்ன மகராஜா, நீங்க படுத்ததும் கௌரவருங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. இந்தாங்க, உங்க பங்குப் பிரசாதம்."

வேஷம் கட்டும் கொட்டகையில் தினமும் கணபதிக்கு ஆரத்தி காட்டிக் கொடுப்பது. நான் பிரித்தேன். அருகம்புல், ஒரு பிடி அவல், ஒரு ஆரஞ்சு நிற மாத்திரை.

"இது என்ன?"

"பிரசாதம்" என்றார் என் கணவர்.

"முட்டி போட்டுச் சுத்தி ஆடறவங்களுக்கு மட்டும்" என்றான் பூவப்பா. "மேளத்தை நடத்திப் பாடற பாகவதர் தட்டுல வெச்சு ஆரத்தி காட்டிக் கொடுப்பார். நான் சும்மா உருளறவன், எனக்குக் கிடையாது."

"தினமுமா?"

"ஆட்டம் உள்ள நாளெல்லாம். அபிமன்யுன்னா ரெண்டு."

மழையில் ஆட்டம் இல்லை. மாத்திரையும் இல்லை. புண் ஆறிய குடலைத்தான் மூன்று வருடமாகக் காட்டிக்கொண்டிருந்தோம்.

"டாக்டர் அத்தனை தடவை கேட்டாங்களே!"

"மருந்தைக் கேட்டாங்க. சாமி கொடுத்ததை மருந்துன்னு எப்படிச் சொல்றது?"

அவரைப் பொறுத்தவரை அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

டாக்டர் மாத்திரையை உள்ளங்கையில் திருப்பிப் பார்த்தார். "வலி மாத்திரையேதான். இப்ப கத்தி வேண்டாம். இதை நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

"இது இல்லாம முட்டியில சுத்த முடியாதே."

"சுத்தாதீங்க."

என் கணவர் பூவப்பாவைக் கேட்டார்.

"முட்டி போடாத வேஷம் என்ன இருக்கு?"

"தர்மராஜா. உக்காந்த இடத்துல சூதாடி எல்லாத்தையும் தோக்கணும்."

"அது இவருக்கு நல்லா வரும்" என்றேன்.