ரோஜாத் தட்டு

எனக்கும் என் அண்ணன் மனைவி வினிஃப்ரெட்டுக்கும் ஏழாம் பொருத்தம். அவளை நான் வாய் திறந்து அண்ணி என்று கூப்பிட்டதே இல்லை. மலாயாவில், பொந்தியானிலிருந்து எங்கள் மூவாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஒரு பீங்கான் தட்டைக் கொண்டுவந்து, திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டு அவள் அடித்த தம்பட்டம் கொஞ்சமல்ல. இரண்டு சிவப்பு ரோஜா, ஓரமெல்லாம் தங்கப்பூச்சு.

ஜப்பான்காரன் வந்தபின் வீட்டிலிருந்த பித்தளை, அலுமினியம் எல்லாம் அவனோடு போய்விட்டன. வேறு பாத்திரம் இல்லாமல் அண்ணன் கிரகோரி ஒருநாள் எலுமிச்சை ஊறுகாயை அந்தத் தட்டில் வைத்தார். சில நாள் கழித்துப் பார்த்தால் ஒரு ரோஜா வெளுத்து, ஊறுகாயில் சாயம் இறங்கியிருந்தது. அந்தச் சாயம் விஷம் என்று வினிஃப்ரெட் ஊறுகாயைக் குழி தோண்டிப் புதைத்தாள். தட்டு மறுபடியும் சுவருக்குப் போனது. நாங்கள் வாழையிலையில் சாப்பிட்டோம்.

ஒரு மத்தியானம், புளி விட்ட மீன்குழம்பு வாசனைக்கு ஒரு ஜப்பான் அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். இலையைப் போட்டதும் அவன் முகம் கறுத்தது. இலை கூலிகளுக்கு, எனக்கு அந்தத் தட்டு என்று மலாயில் அதட்டிச் சுவரைக் காட்டினான். அவன் மனம் கோணினால் அண்ணனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போவான். எங்கள் தெருவிலிருந்து அங்கே போன யாரும் திரும்பவில்லை. கொடுத்துத் தொலையேன் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

அவள் தட்டைக் கழற்றினாள், ஆனால் குழம்பு ஊற்றவில்லை. வெளுத்த ரோஜாவை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, புளிப்பு பட்டால் சாயம் சோற்றில் இறங்கும், இது பார்க்க மட்டும்தான் என்று சந்தை மலாயில் சொன்னாள். அவன் கை வாளுக்குப் போனது. அவள் நீட்டிய தட்டை இறக்கவில்லை.

அவன் அந்த ரோஜாவை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு வழித்துச் சாப்பிட்டான். எழுந்தபோது அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதுலயே ஊத்திக் குடுத்திருந்தா அவனாச்சு, அவன் வயிறாச்சு. எங்கண்ணன் உயிரை வெச்சா இந்த வீம்பு?"

"தட்டு போனா போவட்டும் செசிலியா. என் கையால சாப்பிட உக்காந்தவன் எவனா இருந்தாலும், கெடுதல்னு தெரிஞ்சு நான் போடமாட்டேன்."

இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. ஓர் இலையைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"எனக்கும் குழம்பு ஊத்துங்க, அண்ணி."