அக்காவுக்கு மூவாயிரம் லூமென்ஸ்

என் மனைவியின் தம்பிக்கு வீட்டில் விஞ்ஞானி என்று பெயர். எட்டு வயதில் அவன் ஒரு ரேடியோவைப் பிரித்தான். அது மறுபடி பாடவே இல்லை. ஆனால் பிரித்த அழகைப் பார்த்து அசந்துபோன அவனுடைய அப்பா அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார். பல்கலைக்கழகம் கொடுத்திருந்தால்கூட அவன் இத்தனை அக்கறையாகக் காப்பாற்றியிருக்க மாட்டான். இப்போது நாற்பது வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, அவர்கள் ஏன் மாட்டிக்கொண்டார்கள் என்பதை வெளியிலிருந்து முழுவதுமாக விளக்கிவிட்டுத்தான் கதவைத் திறப்பான்.

என் மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவின் பொறுப்பாளர். பதினோரு வருடம் பாக்கிங்கில் நின்று காகித உறை மாட்டியவளுக்கு இந்த வருடம்தான் அந்தப் பதவி கிடைத்தது. அடுப்புக்காரர்களுக்கு ஒரே ஷிஃப்ட். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். முதல் பஸ்ஸே ஐந்தரைக்குத்தான் என்பதால் சைக்கிளில் போவாள். போகும் வழியில் கால்வாய்ச் சாலையில் இரண்டு மாதமாகத் தெருவிளக்கு எரியவில்லை. நகராட்சி சும்மா இருக்கவில்லை; 'பணி நடைபெறுகிறது' என்று ஒரு பலகை வைத்தது. இருட்டில் அந்தப் பலகை மேலேயே மோதி ஒருவர் பல்லை உடைத்துக்கொண்டார்.

போன மாதம் என் மனைவி குழியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அன்றைக்கும் மறுநாளும் தாமதம். மேனேஜர் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஒரு நாள் தாமதமானாலும் பழையபடி பாக்கிங்குக்கே போய்விட வேண்டும். அங்கே ஏழு மணிக்கு வந்தால் போதும். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றார். நான் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களை நிராகரித்துக் கடிதம் எழுதுகிறவன். 'தங்கள் நன்மைக்காக' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தினமும் பத்து தடவை எழுதுகிறேன்.

"அடுப்பை மட்டும் விடமாட்டேன்" என்றாள் அவள், முட்டியில் பிளாஸ்டர் மாற்றிக்கொண்டே.

"கடையில ஒரு சைக்கிள் லைட் வாங்கிடலாமே" என்றேன்.

சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த விஞ்ஞானி, அவனுடைய குலத்தையே நான் இழுத்துப் பேசியதுபோல நிமிர்ந்தான். "கடை லைட்டா? அது நீங்க வர்றீங்கன்னு அடுத்தவனுக்குத் தெரியறதுக்கு அத்தான். குழி இருக்குன்னு உங்களுக்குத் தெரியறதுக்கு இல்ல."

அதில் உண்மை இருந்தது. அவனோடு எனக்கு இருக்கும் தொல்லையே இதுதான். அவன் சொல்வதில் கால்வாசி எப்போதும் சரியாக இருக்கும்.

"நான் செஞ்சு தர்றேன்க்கா. மூவாயிரம் லூமென்ஸ்."

"அப்படின்னா?"

"வெளிச்சத்தோட அளவு. கார் லைட் மாதிரி இருக்கும்."

"எனக்குக் குழி தெரிஞ்சாப் போதும்டா."

"குழிக்குள்ள எறும்பு போனாக்கூடத் தெரியும்."

அடுத்த நான்கு நாள் எங்கள் மேஜையில் நாங்கள் சாப்பிடவில்லை. செத்துப்போன லேப்டாப்பின் பேட்டரியிலிருந்து நல்ல செல்களைப் பொறுக்கி எடுத்தான். பழைய கம்ப்யூட்டருக்குள்ளிருந்து சீப்பு மாதிரி பல் பல்லாக இருந்த அலுமினியக் கட்டியைக் கழற்றினான். அதன்மேல் வெள்ளைப் பசையைத் தடவி, பொட்டு அளவுக்கு இருந்த மூன்று எல்இடியை ஒட்டினான். முன்னால் லென்ஸ், சுற்றிலும் பிளாஸ்டிக் குழாய். சூடுதான் இதில் எதிரி என்றான். அந்தச் சூட்டை அலுமினியம் வாங்கிக்கொள்ளும், சைக்கிள் போகும்போது அடிக்கிற காற்று அலுமினியத்தைக் குளிரவைக்கும். அப்படியும் எழுபது டிகிரியைத் தாண்டினால் விளக்கு தானாக அணைந்துகொள்ளும்.

"எதுக்கு அணையணும்?" என்று கேட்டேன்.

"எல்இடி கருகிடக் கூடாதுல்ல. பாதுகாப்பு அத்தான், பாதுகாப்பு."

யாருடைய பாதுகாப்பு என்று நான் கேட்டிருக்க வேண்டும். நிராகரிப்புக் கடிதம் எழுதியே பழகியவனுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் விட்டுப்போய்விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோதனை. காற்று வேண்டுமே என்று எங்கள் மேஜை விசிறியை விளக்குக்கு எதிரே வைத்து மூன்றாம் நம்பரில் ஓடவிட்டான். ஒரு மணி நேரம் அசையாமல் எரிந்தது. எதிர்வீட்டுத் தலைமையாசிரியர், ஓய்வுபெற்றவர், கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வெளியே வந்து, தன் வீட்டில் ஏதாவது சோதனை போடுகிறார்களா என்று தெருவிடம் பொதுவாகக் கேட்டார். விஞ்ஞானிக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே ஒரு சின்னத் திருகு இருந்தது. அதை முழு வெளிச்சத்தில் வைத்து, மேலே பசையைக் கொட்டி இறுக்கிவிட்டான்.

"யாராவது கைவெச்சுக் குறைச்சிட்டா?" என்றான், என்னைப் பார்த்து.

திங்கட்கிழமை நாலு இருபதுக்கு வெள்ளோட்டம். அக்கா முன்னால், பின்னால் விஞ்ஞானியின் சைக்கிள், கேரியரில் நான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வேலைக்குக் கிளம்புவதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பின்னலைச் சுருட்டிக் கட்டி, கால்சட்டையை ஒரு கிளிப்பில் இறுக்கி, பெடலை இரண்டு தடவை பின்னோக்கிச் சுற்றிப் பார்த்து ஏறினாள். லிஃப்ட்காரனான அவள் தம்பி எதையும் இவ்வளவு சரிபார்த்து நான் பார்த்ததில்லை.

விளக்கைப் போட்டாள். சொன்னால் சொன்னதுதான், சாலை பகலாகிவிட்டது. ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தது.

"எப்படி?" என்றான் விஞ்ஞானி. அவன் தோளைத் தட்டினேன். அதை நான் செய்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கால்வாய்ச் சாலையில் பாதி வழி வந்ததும் விளக்கு அணைந்தது.

அந்த மாதிரி வெளிச்சத்துக்குப் பிறகு வரும் இருட்டு, சாதாரண இருட்டு இல்லை. என் மூக்கு எங்கே இருக்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்தது. இடது பக்கம் கால்வாய்த் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரும் அசையாதீங்க" என்றது அவள் குரல். "நான் இறங்கிட்டேன். நீங்க ரெண்டு பேரும் அப்படியே காலை ஊணுங்க. மணி என்ன?"

"நாலு முப்பத்தி மூணு" என்றேன், செல்போனைப் பார்த்து.

விஞ்ஞானி தடவிக்கொண்டே போய் விளக்கைத் தொட்டுக் கையை உதறினான். "கொதிக்குதுக்கா. எப்படிக் கொதிக்கும்? நீ என்ன வேகத்துல வந்தே?"

"என் வேகத்துலதான்."

"மணிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல காத்து அடிக்கணும். நான் கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன்."

"இருபத்தஞ்சா? இந்த ரோட்டுலயா? ஒவ்வொரு குழியா பார்த்து ஒதுங்கித்தான்டா போவேன். நடக்கிறவங்க என்னைத் தாண்டிப் போவாங்க."

குழிக்காகத்தான் விளக்கு. குழியினால் அவள் மெதுவாகப் போகிறாள். மெதுவாகப் போனால் காற்று இல்லை. காற்று இல்லையென்றால் விளக்கு இல்லை. எங்கள் விசிறி மட்டும் மூன்றாம் நம்பரில் தொழிற்சாலைக்குப் போயிருந்தால் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

"நீ ஓட்டுறதை நான் பார்த்ததே இல்லக்கா" என்றான் அவன். குரலில் லூமென்ஸ் ஒன்றுகூட மிச்சமில்லை. "கேட்டிருக்கணும்."

"அப்புறமா வருத்தப்படலாம். இப்ப வெளிச்சத்தைக் குறைக்க முடியுமா?"

"குறைக்கிறதா?"

"அடுப்பை எப்பவும் முழுசா எரியவிட்டா எனக்கு ரொட்டி வருமா? மூணுல ஒரு பங்கு போதும். ஆனா நின்னு எரியணும்."

அவன் விளக்கைச் சுற்றித் தடவுவது கேட்டது. பிறகு, "திருகுமேல பசை போட்டுட்டேன்" என்றான்.

"ஏன்?"

"அத்தான் கைவெச்சிடுவார்னு."

இருட்டில் என் மனைவி சிரித்தாள். பாக்கிங்குக்குத் திரும்பப் போகப்போகிற பெண்ணின் சிரிப்பாக அது இல்லை. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்துக் கொடுத்தாள். நான் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். அவன் சூட்டில் விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பசையைப் பிறாண்டினான். நான்கு நாள் பெருமையைத் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்தெடுப்பதை அத்தனை பக்கத்தில் பார்க்க நேர்ந்ததில் எனக்கு வரவேண்டிய சந்தோஷம் ஏனோ வரவில்லை. "மெதுவா மச்சான், வழுக்கிடப்போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திருகு கிறீச்சிட்டுத் திரும்பியபோது மணி நாலு நாற்பத்தி ரெண்டு.

விளக்கு மறுபடி எரிந்தது. எறும்பு தெரியாது. குழி தெரிந்தது.

அவள் ஏறி மிதித்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். இடது, வலது, நேராக, கொஞ்சம் இடது. சாலையை மனப்பாடமாக வைத்திருக்கிறவளுக்கு விளக்கு நினைவூட்டினால் போதுமாக இருந்தது. தொழிற்சாலை வாசலில் மேனேஜர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தபடி நின்றிருந்தார். ஐந்துக்கு மூன்று நிமிடம். அவர் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன், கொட்டாவிதான் இருந்தது. அவள் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் காவலாளி வந்து, "அடுப்பு பத்தவெச்சாச்சாம். ரெண்டு பேரும் இங்க நிக்காம வீட்டுக்குப் போகணுமாம்" என்றார்.

இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் நாலேகாலுக்கு விஞ்ஞானி கையில் நோட்டும் கடிகாரமுமாக வாசலில் நின்றான். அக்காவின் சராசரி வேகத்தை அளக்க வேண்டுமாம். பின்னாலேயே தொழிற்சாலை வரைக்கும் போனான். அதற்கடுத்த நாள் காற்றின் திசை. அப்புறம் மழைநாளில் ஒரு கணக்கு வேண்டுமாம்; மழைக்காகப் பத்து நாள் காத்திருந்தான். வெளிச்சத்தை வேண்டுமென்றேதான் மூன்றில் ஒரு பங்காக வடிவமைத்ததாக எதிர்வீட்டுத் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறான்.

நாலாவது வாரம் ஆகிவிட்டது, இன்னும் தினமும் அவள் பின்னாலேயே போகிறான். அன்றைக்குக் குறைத்ததிலிருந்து விளக்கு ஒழுங்காக எரிகிறது. அடுப்பு அவளிடமே இருக்கிறது. நேற்று ராத்திரி, "உன் தம்பியோட ஆராய்ச்சிக்கு ரிசல்ட் எப்ப வரும்? நான் கேட்கட்டுமா?" என்றேன்.

அவள் காலைக்கான துணியை மடித்து நாற்காலியில் வைத்தாள். "கேட்டுத் தொலைக்காதீங்க" என்றாள். "ரிசல்ட் வந்தா நின்னுடுவான்."