மாடுகள் சாலையில் இருந்தபோது

காலையில் பெட்ரோல் பங்கில் ஆரம்பித்த சண்டை, பிற்பகலிலும் ஓயவில்லை.

"வடக்கே போகணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? தெற்கே ஓக்லஹோமா எல்லை வரைக்கும் இழுத்துட்டுப் போனே. அங்க என்ன இருந்துச்சு? வெயில்!" என்றாள் மார்லிஸ்.

"புயலுக்கு உங்கிட்ட சொல்லிட்டுத்தான் வரணுமா? ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றான் ட்ரென்ட், மடியிலிருந்த ரேடார் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மார்லிஸ் கோனிக் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். மே கடைசியில் பள்ளி மூடியதும் தன் சாம்பல் நிறக் காரை எடுத்துக்கொண்டு கேன்சாஸ் சமவெளியில் புயல் துரத்தக் கிளம்பிவிடுவாள். ட்ரென்ட் அவளைவிடப் பத்து வயது சின்னவன். படம் பிடித்துத் தொலைக்காட்சிகளுக்கு விற்பவன். வண்டி அவளுடையது, பெட்ரோல் அவனுடையது. அதைத் தவிர அவர்களைச் சேர்த்துவைக்க வேறு எதுவும் இல்லை. இந்தப் பருவத்தில் ஒரு டொர்னாடோகூடக் கண்ணில் படவில்லை என்ற கடுப்பு வேறு.

இப்போது அவள் காலையில் கை காட்டிய அதே வடக்கில்தான் மேகம் எழுந்து நின்றது. அடிப்பாகம் கறுத்து, பாசி படிந்த குளம்போல ஒரு பச்சை. தெற்கிலிருந்து வந்த காற்று கோதுமையை அதன் பக்கமாகவே சாய்த்துக்கொண்டிருந்தது.

"இந்த மண் ரோட்டுல திருப்பு. நேரா அதுக்கு முன்னாடி போய் நிக்கலாம்."

திருப்பினாள். ஒரு மைல் போனதும் பாதையின் குறுக்கே ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதற்கு அப்பால் சாலை முழுக்கக் கறுப்பு மாடுகள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் அவற்றைத் திறந்த கேட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். பெயர் வெர்லின் ஸ்டக்கி என்று வாசலோர அஞ்சல் பெட்டியில் எழுதியிருந்தது.

ட்ரென்ட் தலையை வெளியே நீட்டினான். "பெரியவரே, வண்டியை எடுங்க. இது கவர்மெண்ட் ரோடு. உங்க அப்பன் வீட்டு ரோடு இல்ல."

"மாடு உள்ள போகட்டும், எடுக்கறேன்." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போன வருஷம் உன்னை மாதிரி ஒருத்தன் வேலியை அறுத்துட்டு வயலுக்குள்ள வண்டியை விட்டான். மாடு வெளிய போயி ஹைவேயில அடிபட்டுச் செத்துச்சு. நீங்க வேடிக்கை பாத்துட்டுப் போயிருவீங்க. நாங்க இங்க குடியிருக்கோம்."

மார்லிஸ் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ட்ரென்ட் குறுக்கே கையை நீட்டி ஹாரனை அழுத்தினான். விடவேயில்லை.

மாடுகள் மிரண்டன. கேட்டை நெருங்கியவை திரும்பி ஓடின. ஒன்று முள்கம்பி வேலியில் பாய்ந்து, கம்பியைப் பிய்த்துக்கொண்டு அப்பால் விழுந்தது. அதன் பின்னால் இன்னும் சிலவும்.

"அறிவிருக்கா உனக்கு!" அவன் கையில் பளாரென்று ஓர் அடி கொடுத்துவிட்டு மார்லிஸ் இறங்கி ஓடினாள். சட்டையின் மேலிருந்த ஜாக்கெட்டைக் கழற்றிச் சுழற்றி, கத்தி, மாடுகளை மறித்தாள். பாதி மாடுகள் கேட்டுக்குள் போயிருக்கும், பின்னால் எஞ்சின் உறுமியது. ட்ரென்ட் ஸ்டீயரிங்குக்கு மாறியிருந்தான். பிக்கப்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த சந்தில் காரை நுழைத்து மேகத்தை நோக்கிப் பறந்தான்.

"டேய்! என் வண்டிடா!"

புழுதிதான் மிச்சம். அதன் மேல் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. முதலில் எலுமிச்சை அளவு, பிறகு முட்டை அளவு.

"ஏறு வண்டில," என்று கத்தினார் வெர்லின். "மண்டை உடைஞ்சு என் நிலத்துல செத்துத் தொலையாதே."

பிக்கப்பின் கூரை தகரக்கடைபோல அதிர்ந்தது. அவள் பக்கக் கண்ணாடி உடைந்து மடியில் கொட்டியது. பிறகு சட்டென்று எல்லாம் நின்றது. வடக்கே, கறுப்பு மழைக்கு முன்னால், டொர்னாடோ வெள்ளைத் தூணாக இறங்கியிருந்தது. அவசரமே இல்லாமல் நகர்ந்தது. வருடம் முழுக்க இதற்காகத்தான் ஏங்கிக் கிடந்தாள். இப்போதோ அவள் கண்கள் அதைவிட்டுச் சாலையில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்றைத் தேடின.

"அவன் அந்தப் பக்கந்தானே போனான்?" என்றார் வெர்லின்.

"ஆமா."

"முன்னாடி இருக்கற ஓடைப் பாலத்தைத் தாண்டினா வண்டியைத் திருப்ப இடமில்ல. மரியாதையா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அது சாலையைக் கடந்து, கோதுமைக்குள் போய், நூலாக மெலிந்து மறைந்தது. அவர் வண்டியைக் கிளப்பினார். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பாலத்துக்கு அப்பால் வயலுக்குள் அவள் கார் சக்கரங்கள் மேலே தெரியக் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் ட்ரென்ட் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ரத்தம், ஒரு தோள் தொங்கிப்போயிருந்தது.

மார்லிஸ் ஓடினாள். மூச்சு வாங்கியது.

"பாத்தியா? தலைக்கு மேலயே வந்துச்சு!" என்றான் அவன். "கேமரா எங்க விழுந்துச்சுன்னு பாரு."

"நான் இருக்கேனா செத்தேனான்னு கேக்கத் தோணலையாடா உனக்கு?"

"அதான் நிக்கிறியே."

வெர்லின் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "உன் புருஷனா?"

"அந்தப் பாவத்தை நான் பண்ணல."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது கோதுமைக்குள் கிடந்த கேமராவைத் தேடியெடுத்து வந்து அவன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"இந்தா. இதோடயே குடித்தனம் பண்ணு."

"கூட வர்றீங்களா?" என்று கேட்டாள் ஆம்புலன்ஸ் பெண்.

"இல்ல."

ஆம்புலன்ஸ் போனதும் இருவரும் கேட்டுக்குத் திரும்பினார்கள். பிக்கப்பின் பின்புறத்திலிருந்து ஒரு ஜோடிக் கையுறையை அவளிடம் தூக்கி எறிந்தார் வெர்லின். "இருட்டறதுக்குள்ள வேலியைக் கட்டணும். கம்பியை இழுத்துப் பிடி."

பிடித்தாள். கையுறை அவளுக்குப் பெரிது. இரண்டு முறை கம்பி நழுவி மணிக்கட்டைக் கிழித்தது. "இன்னும் இழு, பலமே இல்லியா?" என்றார். "நீங்க ஆணியை ஒழுங்கா அடிங்க," என்றாள். ஓடிய மாடுகள் ஓடையோரம் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுக்குத் தொடையில் ஆழமான காயம். அதைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் இருவரும் சேறாகிவிட்டார்கள்.

கடைசி மாடு உள்ளே போனதும் அவர் கேட்டைச் சாத்தினார். நன்றி சொல்லவில்லை, பெயரும் கேட்கவில்லை. ஏறச் சொல்லி முகவாயால் பிக்கப்பைக் காட்டினார். டவுன் வரும்வரை உடைந்த ஜன்னல் வழியே ஈரக்காற்று அவள் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.