தொப்பி மலையில் பொறுக்கிய கல்

வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஸ்திரி வீட்டில் மலைகளுக்குப் போட்டி வைத்தார்கள். அந்த வருஷம் ஏறிய மலைகளில் எது முதல் என்று தீர்மானிக்க வேண்டும். நடுவர் மேஸ்திரி. அவர் ஒரு மலையும் ஏறவில்லை. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் படுத்துக்கொண்டதிலிருந்து மூன்றாம் மாடியிலிருந்து கீழே இறங்கினதுகூட ஆஸ்பத்திரிக்குத்தான், அதுவும் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி.

ஏறினவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி அவர் மனைவி. அந்தக் கட்டிடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் முதலாளிகூட அண்ணி என்றுதான் கூப்பிடுவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இன்னொருத்தி மேஸ்திரியின் தங்கை. வயது ஐம்பதைத் தொடப்போகிறது, பெயர் இன்னும் பாப்பா. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே வாயைத் திறக்க வேண்டியவர்கள் நோயாளிகள். நாள் பூராவும் திறந்தே வைத்திருப்பது இவள்.

கற்கள் எல்லாம் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக இருந்தன. மாதத்துக்கு ஒரு மலை, மலைக்கு ஒரு கல். உச்சியில் எடுத்த கல்லைக் கொண்டுவந்து அவர் இடது கையில் வைக்க வேண்டும் என்பது மேஸ்திரி போட்ட சட்டம். முப்பது வருஷம் ரோடு போட்டவர். கல்லைப் பார்த்தால் அவருக்குப் பசி அடங்கிவிடும் என்று பாப்பா கேலி செய்வாள். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு தன் ஆட்களோடு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவார். விடியலில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம், குழறிய நாக்கோடு, "என்னாலதான் போக முடியல, நீங்களாவது போய்ட்டு வாங்க," என்றார். அண்ணி தலையாட்டிவிட்டாள். அன்றைக்கு அவர் உலகத்தையே கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

அந்தத் தலையாட்டலுக்கு வருஷம் பூராவும் கால் வலித்தது.

வாரத்தில் ஆறு நாள் கடையில் நின்றுகொண்டே வேலை. சீட்டை வாங்கிப் படித்து, ஏணி போட்டு மேல் அலமாரியில் எடுத்து, இறங்கி, அடுத்த சீட்டை வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, மடங்கிக்கொள்ளும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீவிவிட வேண்டும். ராத்திரியில் அவர் இருமினால் இவள் எழுந்துகொள்வாள். மலைக்குப் போகும் ஞாயிறு இதைவிட மோசம். விடியுமுன் எழுந்து மூன்று வேளைக்குச் சமைத்து, மாத்திரைகளைக் கிண்ணத்தில் போட்டு, சீட்டு விளையாட வரும் கீழ்வீட்டு டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவாள். சாயங்காலம் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தால் டிரைவரும் இவரும் தின்ற பாத்திரங்கள் தொட்டியில் காத்திருக்கும். அதற்கப்புறம்தான் கதை. எப்படி இருந்தது, காற்று எந்தப் பக்கம், பாதையில் கல் உருளுமா, உச்சியில் நிழல் உண்டா என்று அவர் ஒன்று விடாமல் கேட்பார். அப்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் போகமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

ஆனால் இன்றைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். போட்டி முடிந்ததும் அவர் அடுத்த வருஷத்து மலைகளை அறிவிப்பார். அறிவித்துவிட்டால் தீர்ந்தது, இன்னொரு வருஷம். அதற்கு முன்னால் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னாலும் படுக்கையில் கிடக்கிற மனுஷனுக்கு மிச்சமிருக்கும் ஒரே சந்தோஷத்தைப் பிடுங்கின பாவம் தன் தலையில்தான் விழும் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

மேஸ்திரி ஒவ்வொரு கல்லாக எடுத்துக் காட்டச் சொன்னார். பாப்பா காட்டினாள். சாம்பல் கல் மொட்டைத்தலை மலை. நிழலே கிடையாது, பாப்பாவின் மூக்கு தோலுரிந்து பத்து நாள் டாக்டர் வீட்டு நோயாளிகள் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். செம்மண் ஒட்டின கல் ஒட்டக மலை. ஏறி முடித்துவிட்டோம் என்று உட்கார்ந்தால் முன்னால் இன்னொரு திமில் நின்றது. பாசி படிந்தது பனி மலை. மேலே போனதும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை, வந்த வழியே திரும்பினார்கள். பளபளப்பது டவர் மலை. பாப்பாவின் செருப்பு அடி கழன்று, அண்ணி தன் சால்வையைக் கிழித்துக் கட்டிக்கொடுத்தாள். பாப்பா ஒவ்வொன்றையும் கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னாள். அண்ணிக்கு ஒவ்வொரு கல்லைப் பார்க்கும்போதும் அந்தந்த ஊர் வலி முழங்காலில் வந்து உட்கார்ந்தது.

அடுத்த கல் தொப்பி மலையுடையது. கறுத்த கல், ஒரு ஓரத்தில் மைபோல ஒரு கோடு. பாப்பா அதை எடுக்காமல் தாண்டிப் போகப் பார்த்தாள். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

தொப்பி மலையில் அவர்கள் ஏறவே இல்லை.

அந்த வாரம் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. வீட்டில் அவருக்கு நெஞ்சுச் சளி. அண்ணி நாலைந்து ராத்திரி சரியாகக் கண்ணை மூடவில்லை. பஸ் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டது. ஷூ நாடாவை இறுக்கலாம் என்று நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வலியுமில்லை, மயக்கமுமில்லை, கால் எழமாட்டேன் என்றது, அவ்வளவுதான். "பாப்பா, நீ போய்ட்டு வா, நான் இங்கயே இருக்கேன்," என்றாள். பாப்பா மலையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததே பெரிய விஷயம். இரவல் கொடுத்த குக்கர் ரப்பர் இல்லாமல் திரும்பி வந்த விவகாரத்தில் பதினைந்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். மேஸ்திரி விழுந்த பிறகுதான் ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார்கள். அப்பேர்ப்பட்ட நாத்தனாரின் தோளில் சாய்ந்து அண்ணி உச்சி வெயில் வரை தூங்கினாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. பஸ்கள் வந்து போயின. பாப்பா அசையவில்லை, வாயையும் திறக்கவில்லை. அண்ணி விழித்தபோது பாப்பாவின் கை மரத்துப்போய், அதை இன்னொரு கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் கட்டிக்கொண்டு போனதையெல்லாம் தின்று தீர்த்து, இரண்டு முறை டீ குடித்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் மலையைத் தயாரித்தார்கள். ஏரி ஒன்று தெரிந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றாள் பாப்பா. வெறும் ஏரி போதாது, கழுகு வேண்டும் என்றாள் அண்ணி. ஒரு கழுகுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று பாப்பா தாராளம் காட்டினாள். கல்லுக்கு எங்கே போவது? அதையும் அண்ணி யோசித்து, நிறுத்தத்தின் ஓரம் கொட்டியிருந்த குவியலில் கோடு போட்ட கல்லாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கிப் பையில் போட்டிருந்தாள். பஸ்ஸில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"சரி, சொல்லுங்க. எது முதல்?" என்றார் மேஸ்திரி.

பாப்பா முந்திரிக்கொட்டை மாதிரி டவர் மலை என்றாள். அண்ணி எல்லாமே நன்றாகத்தான் இருந்தது என்று மழுப்பினாள். அப்படியெல்லாம் நழுவ முடியாது, ஒன்றைச் சொல் என்றார். இதுதான் சமயம் என்று அவளுக்குத் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். அதற்குள் அவர் இடது கையை நீட்டி அந்தக் கறுத்த கல்லை எடுத்துவிட்டார்.

"என்னைக் கேட்டா இதுதான். தொப்பி மலை. இன்னொரு தடவை சொல்லுங்க, மேல என்ன தெரிஞ்சுது?"

பாப்பா ஏரி என்றாள். ஏரிக்கு மேலே கழுகு என்றாள் அண்ணி. எத்தனை என்று கேட்டார். இரண்டு என்று ஒருத்தியும் மூன்று என்று ஒருத்தியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மேஸ்திரியின் தோள் குலுங்கியது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. கல்லைத் திருப்பி அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டி அண்ணியிடம் நீட்டினார்.

"மோந்து பாரு. தாரு. இது முக்கா இஞ்சு ஜல்லி. முப்பது வருஷம் லாரி லாரியா கொட்டியிருக்கேன். என்கிட்டயே கொண்டுவந்து குடுத்திருக்கீங்க."

பாப்பா அசடு வழிந்தாள். அண்ணிக்குக் காது வரை சுட்டது. கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம். இத்தனை மாதமாகத் தெரிந்தே இந்த மனுஷன் கழுகுக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாரா என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

"தெரிஞ்சா அன்னிக்கே கேட்கிறதுக்கென்ன?" என்றாள்.

"எப்படிக் கேட்கிறது? மத்த நாளெல்லாம் நீ ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு ஏறி வருவே. இங்க படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டே இருப்பேன். அன்னிக்கு ரெண்டு பேரும் நிக்காம சிரிச்சுக்கிட்டே ஏறி வந்தீங்க. அதனாலதான் அது முதல்."

அண்ணி கல்லை வாங்கி அவர் மடியில் வைத்தாள். பிறகு, இவ்வளவும் காதில் விழுந்தும் அடுத்த மாதமும் அனுப்பினீர்களே என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை.

அவர் கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் மலைக்கு ஆசைப்பட்டு அனுப்பலம்மா. நீ என்கிட்டேர்ந்து மாசத்துல ஒரு நாளாவது தப்பிச்சு இருக்கட்டும்னு அனுப்பினேன். நீயும் ஆசையாத்தான் போறேன்னு நினைச்சேன். அன்னிக்கு அந்தக் கல்லைப் பாத்தப்பறந்தான் சந்தேகம் வந்துச்சு. நீயா சொல்லுவேன்னு பாத்தேன், நீ சொல்லவே இல்ல."

அவருக்குத் தெரிந்த ஓய்வு அது ஒன்றுதான். தனக்கு ஒத்துக்கொண்ட மருந்தை அவளுக்கும் கொடுத்திருக்கிறார். இவளோ மலையை மடியில் கட்டிக்கொண்டுவந்து அவருக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு வருஷம் பூராவும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். யாருக்கும் வேண்டாத மலைகள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது, அதற்கும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு மலை வேணாம். ஏரி வேணாம், கழுகு வேணாம். எனக்குத் தூங்கணும். ஒரு நாள், யாரும் எழுப்பாம."

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"எனக்கு வேணும்," என்றாள் பாப்பா மெதுவாக. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்குப் பிடிச்சிருக்கு அண்ணி. நான் போறேன். நீங்க வரவேணாம்."

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு பாப்பா தனியாகக் கிளம்பினாள். சாவி வாங்க வந்த கீழ்வீட்டு டிரைவரை, இன்றைக்குச் சீட்டு இல்லை, நேற்று வைத்த சோறு போதும் என்று மேஸ்திரி கட்டிலில் கிடந்தபடியே வாசலோடு திருப்பி அனுப்பினார். அண்ணி பழக்க தோஷத்தில் விடியுமுன் விழித்து, அடுப்படிக்குப் போய், டீ போட்டு எடுத்துவந்து, அவர் கட்டில் ஓரத்தில் சும்மா தலையைச் சாய்த்தாள். ஐந்து நிமிஷம் என்றுதான் நினைத்தாள்.

கண் விழித்தபோது வெயில் ஜன்னல் கற்களைத் தாண்டி நடுக்கூடத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவள் தலைக்குக் கீழே அவருடைய இடது கை இருந்தது. அவர் சாப்பிடும் கை, தண்ணீர் எடுக்கும் கை, இத்தனை மாதமாக அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே கை. பக்கத்து ஸ்டூலில் டீ ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. காலை மாத்திரை கிண்ணத்திலேயே இருந்தது. பதறி எழப் பார்த்தவள் அந்தக் கையைத் தொட்டாள். ஜில்லென்று, கட்டை மாதிரி இருந்தது.

"ஐயோ, கை மரத்துப் போச்சே. எழுப்பியிருக்கலாம்ல?"

"மரத்துப் போறதுக்கு இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு," என்றார் மேஸ்திரி. "இருக்கட்டும். பாப்பா வர இன்னும் நேரமாகும். தூங்கு."

அவள் மாத்திரையை எடுத்து அவர் வாயில் போட்டாள். ஆறின டீயையே ஒரு வாய் புகட்டினாள். அந்தக் கையை நீவி, விரல்களைப் பிரித்து மடக்கிச் சூடேற்றி, மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தாள். அதன்மேல் தலையை வைத்துத் தூங்கிப்போனாள்.