ஆயாக் கொட்டகையில் அறுபது கேள்விகள்

இருபத்தேழு பெண்பிள்ளைகளும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்வாய்? அம்மாவிடம். யாரையாவது விரும்பியதுண்டா? இல்லை. உடம்பில் ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பாய்? அம்மாவை. இப்படிப்பட்ட அம்மாக்கள் உலகத்திலேயே இந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில்தான் குடியிருக்கிறார்களோ என்று பேட்ரிசியாவுக்கு எரிச்சலாக வந்தது.

அது எண்பத்தெட்டாம் வருஷம். மெர்கோங் ஊரில் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, பாடாங் செராய் டவுனில் ஒரு தையல்கடை மாடியில் தங்கி, தினமும் செம்மண் பாதையில் கால் கடுக்கத் தோட்டத்துக்கு நடந்தாள். தற்காலிக டீச்சர் வேலை போன முப்பத்தொன்பது வயதுக்காரிக்கு, பெண்பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு எழுதுகிற இந்த வேலைதான் கிடைத்தது. குழந்தையில் யாரை ஒட்டிக்கொண்டு வளர்ந்தார்களோ, அதற்கும் வயசுக்கு வந்தபின் காதலிலும் உடம்பு விஷயத்திலும் நடந்துகொள்கிற விதத்துக்கும் தொடர்பு இருக்கிறதாம். பினாங்கில் ஒரு பேராசிரியர் அதை ஆராய்ந்துகொண்டிருந்தார். தாளில் இருக்கும் அறுபது கேள்விகளுக்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு என்ன சட்டம் வேண்டுமானாலும் போடலாம்.

பதில்கள் ஏன் ஒரே மாதிரி வருகின்றன என்பது மூன்றாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாரத்தின் முதல் பக்கத்தில் அப்பா பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர், எத்தனை வருஷமாக இந்த நாட்டில் என்றெல்லாம் இருந்தது. போதாதா? இது குடிமக்களுக்குக் கொடுக்கிற நீல ஐசி என்ற அடையாளக் கார்டுக்கான பாரம் என்று லயமே முடிவு கட்டிவிட்டது. அங்கே பாதி ஆண்களிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசிதான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மருதம்மாள், தன் புருஷன் சின்னையாவுக்காகப் பதினாறு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவள். வீட்டைப் பற்றி ஒரு குறையும் வாயில் வரக்கூடாது, ஒரு தப்புப் பதில் போதும் குடும்பமே கெட்டுப்போகும் என்று தண்ணீர்க்குழாயடியில் அவள் பெண்பிள்ளைகளை நிற்கவைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பேட்ரிசியா தன் காதாலேயே கேட்டாள்.

இது ஐசி பாரம் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், வயசுப் பெண்ணை இப்படிப்பட்ட கேள்விகளோடு எந்தத் தாய் தனியாக அனுப்புவாள்? பேசாமல் இருந்தாள். அது அவள் செய்த தப்பு, வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

இருபத்தெட்டாவதாக வந்தவள் ரமணி, மருதம்மாளின் ஒரே மகள், பதினேழு வயது. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள்; துணித் தொட்டில்கள் காலியாகத் தொங்கின. கேள்வி முடியுமுன்பே ரமணி பதில்களைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்தாள். உன் உடம்பைப் பற்றி இப்போது ஏதாவது பயம் உண்டா என்ற கேள்வி வந்ததும் அவள் வாய் நின்றுவிட்டது.

"டீச்சர், இதுல உண்மையச் சொன்னா அப்பாவுக்கு ஐசி கெடைக்காமப் போயிருமா?"

விருப்பம்போல் பதில் சொல்லலாம் என்று தாளில் இருந்ததையே பேட்ரிசியா படித்தாள். அவளுக்கு அலுப்பு தாங்கவில்லை. பையில் இன்னும் இரண்டு பாரம் பாக்கி. ரமணி தலையாட்டிவிட்டு, பயம் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பேட்ரிசியா 'இல்லை' என்று எழுதினாள். எழுதிய கை அதற்குமேல் ஓடவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரமணி, இந்தப் பாரத்துக்கும் ஐசிக்கும் சம்பந்தமே இல்லம்மா. முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

ரமணி வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"ரெண்டு மாசமா தள்ளிப்போச்சு டீச்சர். டவுன்ல ஒரு பொம்பள மருந்து தரேன்னு சொல்லியிருக்கு. சனிக்கெழம போகணும்."

அந்த மாதிரி மருந்தைக் குடித்துச் செத்துப்போன ஒருத்தியைப் பேட்ரிசியாவுக்குத் தெரியும். சட்டமாவது, மண்ணாவது. போகவே கூடாது என்றாள். அம்மாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றாள். ரமணி மாட்டேன் என்று அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் அழுது ஓய்ந்து சரி என்றாள்.

கடைசி ஆளாக ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மருதம்மாள் காலி வாளியோடு நேரே அங்கே வந்தாள். மகள் ஒழுங்காகப் பதில் சொன்னாளா என்றுதான் முதலில் கேட்டாள். இந்தப் பாரத்தால் கார்டு வராது என்பதைப் பேட்ரிசியா சொன்னாள். மற்றதை ரமணியே சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மருதம்மாள் அடிக்கவில்லை. வாளியை இறக்கிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நாள், யார் பையன், மருந்து எதையாவது வாயில் வைத்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இன்னும் வைக்கவில்லை என்றதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. நாளைக்கு வெட்டுக்குப் போகப்போவதில்லை, காலையிலேயே இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள்.

பேட்ரிசியாவுக்குக் கண் கலங்கியது. அங்கே தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், நானும் கூட வருகிறேன் அக்கா என்றாள்.

மருதம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல கார்டு வரும்னு நாங்க நெனச்சுக்கிட்டிருந்தது உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?"

வந்த மூன்றாம் நாளே தெரியும் என்றாள் பேட்ரிசியா.

"எம்மவ வாயத் தச்சது நாந்தான். நான் படிக்காதவ, கார்டு ஆசையில தச்சுட்டேன். நீங்க தெரிஞ்சே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நீங்க வர வேணாம் லா."

மகளைக் கையைப் பிடித்து எழுப்பினாள். வாளியை ரமணி வாங்கிக்கொண்டாள். இருவரும் லயத்தைப் பார்த்து நடந்தார்கள்.