சூட்டில் சுருங்கிய வில்லை

பொத்தேரிக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பரணிக்கு ஒரே வேலைதான். ஆராய்ச்சி மாணவர்கள் கொடுக்கும் சின்னப் பீங்கான் வில்லைகளைக் கருவிக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். எவ்வளவு நீள்கிறது என்று கணினி வரையும் கோட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். நீள நீளக் கோடு மேலே ஏறும். டிப்ளமோவைப் பாதியில் விட்டவன், ஒப்பந்த வேலை. எதற்காக அளக்கிறார்கள் என்று யாரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் கருவி அறைக்கு வெளியே ஆஃபியா போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக வில்லை சுடுகிற ஆராய்ச்சி மாணவி. வெள்ளிக்கிழமையோடு இந்த ஆராய்ச்சியை விட்டுவிடச் சொல்லிவிட்டாராம் பேராசிரியர்.

"சூடு பண்ணா சுருங்கணும்மா. அப்படி ஒரு பீங்கான் செய்யத்தான் இவ்ளோ பாடு. எல்லாமே நீளுது."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த பரணிக்கு அது கேட்டது.

அவளுடைய பதினொரு வில்லையும் சுருங்கத்தான் செய்தன. கோடு கீழேதான் போனது. அவன்தான் மேலே திருப்பினான். முன்பு கருவியைப் பழுது பார்த்தவர்கள் ஒயரை மாற்றிச் சொருகிவிட்டுப் போனதில், ஒரு வாரம் இரும்புகூடச் சுருங்குவதாகக் காட்டியது. ஒயரைச் சரிசெய்த பிறகும் அப்போது பிடித்த பழக்கம் போகவில்லை. கோடு இறங்கினால் எண்களின் பிளஸ் மைனஸ் குறியை மாற்றிவிடுவான். யாரையும் தொந்தரவு செய்யாமல் வேலை முடிப்பதாகப் பெருமை வேறு.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் போவாள். டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் போய்ச் சொன்னான்.

ஆஃபியா சுவரில் சாய்ந்துகொண்டாள். "உங்கள யாருண்ணா திருத்தச் சொன்னா?"

"சூடு பண்ணா எல்லாம் நீளும்னு நெனச்சிகினு இருந்தேன் மேடம். மெஷின்தான் பேஜார் பண்ணுதுன்ட்டு..."

அவள் நேராகக் கருவி அறைக்குள் போனாள். முதலில் செப்புக் கம்பியை வைத்தார்கள். கோடு ஏறியது, ஒயர் சரியாகத்தான் இருந்தது. எதையும் தொடாமல் அடுத்து அவள் வில்லையை வைத்தார்கள். நூறு டிகிரி. இருநூறு. கோடு சறுக்கிக்கொண்டே கீழே போயிற்று. ஆஃபியா துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

அவள் கூப்பிட்டதும் பேராசிரியர் யேசுதாசன் வந்து திரையைப் பார்த்தார். பழைய எண்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். பரணி வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"குறியை மாத்திப் போட்டுட்டோம் சார். பதினொண்ணையும் மறுபடி அளந்து வெள்ளிக்கிழமைக்குள்ள தர்றோம்."

போட்டுட்டோம் என்றாள். பேராசிரியர் பத்து நிமிஷம் இரண்டு பேரையும் சமமாகத் திட்டிவிட்டுப் போனார். திட்டில் பாதியை இன்னொருவர் வாங்கிக்கொள்வது பரணிக்கு அதுதான் முதல் தடவை. அவர் போனதும் அவளுக்கு நன்றி சொன்னான்.

"நீங்க வந்து சொல்லலன்னா நான் வீட்டுக்குப் போயிருப்பேண்ணா. நான்தான் நன்றி சொல்லணும்" என்றாள். "ஆனா இனிமே கோடு பாதாளத்துக்கே போனாலும் கை வச்சீங்க, நானே சார்கிட்ட போட்டுக் குடுத்துடுவேன்."

பரணி தலையாட்டிவிட்டு இரண்டாவது வில்லையை எடுத்தான்.