கடலில் தள்ள வேண்டிய மேசை

என் கணவருக்குச் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை. அலுவலகத்தில் அது ஐந்து மணிக்கு முடிந்துவிடும், வீட்டில்தான் முடியாது. கடைக்கு அனுப்பினால் பையைக் கீழ்ப்படியிலேயே வைத்துவிட்டு, "சரக்கு துறைமுகத்துக்கு வந்தாச்சு. அதுக்கு மேல என் பொறுப்பு இல்ல, வந்து எடுத்துக்கோ" என்று போன் செய்வார். எங்கள் வீடு மூன்றாவது மாடி.

அம்மா எங்களோடு தங்க வருகிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். இரண்டு பைகளோடும், அத்தனை வருடம் குனிந்து உட்கார்ந்த சாய்வு மேசையோடும் வந்து இறங்கினாள். மேசை வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. இரண்டே அறை உள்ள வீட்டில் அதை எங்கே போடுவது?

இவர் டேப்பை எடுத்து மேசையை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை அளந்தார்.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. எங்க தொழில்ல ஜெனரல் ஆவரேஜ்னு ஒண்ணு இருக்கு. கப்பல் மூழ்கப் போகுதுன்னா, மத்ததைக் காப்பாத்த கொஞ்சம் சரக்கைக் கடல்ல தள்ளிடலாம். சட்டமே இருக்கு."

எந்தச் சரக்கு என்று அவர் சொல்லவில்லை. டேப்பின் நுனி மேசைமேல்தான் இருந்தது.

"பரவாயில்ல மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை நானும் மேசையும் பெரியவன் வீட்டுக்கே திரும்பிப் போயிடறோம்" என்றாள் அம்மா.

அண்ணன் வீட்டில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மறுபடி அங்கே அனுப்புவதா?

"உங்க நாற்காலியைக் கொஞ்சம் எடுத்தா மேசை தாராளமா நிக்கும்" என்றேன்.

"அது வேற விஷயம்" என்றார்.

அது பட்டனை அழுத்தினால் கால் நீட்டிக்கொள்ளும் தோல் நாற்காலி. வாங்கிய புதிதில் அதன் விலையைப் பால் போட வருபவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை காலை, கை சும்மா இருக்க முடியாமல் அம்மா ஒரு சிறு புத்தகத்தை எடுத்தாள். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்காக இவர் எழுதிய சரக்குத் தொழில் சொற்கள். சிவப்புப் பென்சிலும் வந்துவிட்டது. எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் விட மாட்டாள். காபி ஆறுவதற்குள் நாற்பத்தோரு பிழைகள் கண்டுபிடித்தாள். பத்தொன்பதாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

"மாப்பிள்ளை, அந்த ஜெனரல் ஆவரேஜ்... நீங்க அன்னிக்கு பாதிதான் சொன்னீங்க." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "'தள்ளப்பட்ட சரக்கின் இழப்பு அதன் உரிமையாளரை மட்டும் சேராது. பிழைத்த சரக்கின் உரிமையாளர்கள் அனைவரும் தத்தம் சரக்கின் மதிப்புக்கு ஏற்ப அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.' நீங்க எழுதினதுதானே? இதுல ஒரு பிழைகூட இல்ல."

இவர் புத்தகத்தை வாங்கி மூடப் பார்த்தார். நான் விடுவேனா?

"அப்போ இந்த வீட்லயே மதிப்பு அதிகமான சரக்கு எதுங்க? அதுக்குத்தானே பங்கும் அதிகம்?"

மூன்று பேரும் நாற்காலியைப் பார்த்தோம்.

பங்கு குறையட்டும் என்று வியாபாரிகள் மதிப்பைக் குறைத்து எழுதுவதை இருபது வருடமாகப் பார்த்தவர் இவர். அந்தப் புத்தி சட்டென்று வேலை செய்தது.

"இதுவா? இது பழசு. பட்டன் வேற மக்கர் பண்ணுது. இதுக்கு என்ன மதிப்பு, ஒண்ணுமே கிடையாது."

"ஒண்ணுமே கிடையாதா?" என்றாள் அம்மா.

"சத்தியமா அத்தை."

"அப்போ முதல்ல அதையே தள்ளிடலாமே."

இவர் நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். தோற்றால் சிரிக்கத் தெரியும் என்பதற்காகத்தான் இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்கிறேன்.

மதியம் அவரும் காவலாளியும் நாற்காலியைக் கீழே இறக்கிக் காவலாளி அறையில் போட்டார்கள். திரும்பி வந்தவர் வாசலோடு நிற்கவில்லை. மேசையை உள்ளே நகர்த்திக்கொண்டு வந்து, "அத்தை, வெளிச்சம் உங்களுக்கு எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்டார்.



ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கும் போகவில்லை. ஜன்னலோரம் மேசையில் குனிந்து, மிச்சப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். இவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார்.

"ஏன் மாப்பிள்ளை தரையில உட்கார்ந்திருக்கீங்க?"

"என் பங்கு, அத்தை."